எழுத்துச்சர நூலகம் வேண்டாம் என்பார்க்கு

கணினி விளையாட்டுகளை ஆக்கும் இளைஞரிடையேயும், அவர்களுக்கு அத்தொழிலைக் கற்பிக்கும் ஆசிரியரிடையேயும், ஓர் அபிப்பிராயம் இன்று ஏறக்குறைய எதிர்ப்பே இன்றி நிலவி வருகிறது. ஸ்டிரிங் என்று நிரலாளர் வழங்குகின்ற எழுத்துச்சரங்களைத் தமிழுக்கு ஏற்றவாறு கையாளுவதற்கென்று, எந்த விளையாட்டிலும் எடுத்துப் பொருத்திக்கொள்ளத்தக்க பொது நூலகம் ஒன்றைக் கட்டுவது வீண் சிரமம் என்பதே அவ்வபிப்பிராயம். யூனிகோடு வந்துவிட்டது, ஆகையால் தமிழ் எழுத்தைப் பற்றிய கவலை தீர்ந்தது என்பது அவர்கள் கூறும் முதற் காரணம். எஞ்சிய சில்லறைக் குறைகளை அவரவர் தத்தம் விளையாட்டிலேயே பத்து வரியில் சரிசெய்துகொள்ளலாம் என்பது இரண்டாவது. அதற்கு மேலும் வேண்டுமானால் உலகம் முழுவதும் வழங்கும் பெரிய நூலகங்கள் இருக்கின்றன என்பது மூன்றாவது. பிறர் எழுதிய சிறு நூலகத்தை நம்பியிருப்பது ஆபத்து என்பது நான்காவது. தமிழில் விளையாட வருவோர் எத்தனை பேர் என்ற கேள்வி ஐந்தாவது.

திண்டுக்கல்லிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் இத்தொழிலைக் கற்கின்ற பிள்ளைகளோடு பழகி, இக்காரணங்களைப் பலமுறை கேட்டிருக்கிற நான், இவற்றில் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதை மறுக்கவில்லை. அவ்வுண்மைகளிலிருந்து அவர்கள் வந்தடையும் முடிவு பிழையானது என்பதையும், அப்பிழையின் விலையை நம் குழந்தைகளே கொடுத்து வருகிறார்கள் என்பதையும், எழுத்தை எழுத்தாக அறியும் நூலகம் ஒன்று பொதுவில் கட்டப்பட்டாலன்றித் தமிழ் விளையாட்டு எதுவும் நேர்மையாக நிற்க முடியாது என்பதையுமே இங்கு நிறுவ முற்படுகிறேன்.

முதற் காரணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். யூனிகோடு நமக்குச் செய்த உபகாரம் சிறிதன்று. 1991-இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதன் பிறகும் நெடுங்காலம் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியேற்றத்தை வைத்துக்கொண்டிருந்ததும், ஒருவர் அனுப்பிய கடிதத்தை மற்றொருவர் திறந்தால் கிறுக்கல்களே தோன்றியதும், 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகையையும் குறியேற்றத்தையும் ஒழுங்குசெய்ய முயன்றதும் மூத்த தலைமுறைக்கு நினைவிருக்கும். அந்தக் குழப்பத்திலிருந்து யூனிகோடு நம்மை மீட்டது. ஆனால் ஓர் எழுத்தைச் சேமிப்பதும், அதைத் திரையில் வரைவதும், அது எழுத்து என்று அறிந்து அதைக் கையாளுவதும் மூன்று வேறு காரியங்கள். யூனிகோடு முதற் காரியத்தைச் செய்கிறது. எழுத்துருவும் வரையும் பொறியும் இரண்டாவதைச் செய்கின்றன. மூன்றாவதைச் செய்ய ஒருவரும் நியமிக்கப்படவில்லை. திரையில் தமிழ் அழகாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு கணினி தமிழை அறிந்துகொண்டது என்று முடிவுகட்டுவதே இந்த வாதத்தின் மூலப் பிழை.

நம் ஊர்ப் பெயரையே சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். ‘திண்டுக்கல்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று இரண்டாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால், தி, ண், டு, க், க, ல் என்று விரலை மடக்கி 6 என்று சொல்லும். பிரேசில் நாட்டில் 1993-இல் பிறந்து இன்று எண்ணற்ற விளையாட்டுகளுக்கு உள்மொழியாக விளங்கும் லுவாவை அதே கேள்வி கேட்டால், அதன் அடிப்படைச் செயற்கூறு 33 என்று விடை தரும். ஏனெனில் அது பைட்டுகளை எண்ணுகிறது, தமிழின் ஒவ்வொரு குறிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் செலவாகின்றன. 2015-இல் வெளிவந்த லுவா 5.3 பதிப்பில் சேர்ந்த யுடிஎஃப்-8 நூலகத்தையோ, கொடோ என்னும் விளையாட்டு எஞ்சினின் மொழியான ஜிடிஸ்கிரிப்டையோ கேட்டால் 11 என்று வரும். அவை குறிகளை எண்ணுகின்றன, ஆகவே ‘தி’ என்பது தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகிவிடுகிறது. இனி யாப்பிலக்கணம் பயின்ற புலவர் ஒருவரைக் கேட்டால், கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் என்று எண்ணும் முறைப்படி, ஒற்றுகளை நீக்கி, 3 என்பார். ஒரே சொல்லுக்கு 33, 11, 6, 3 என்று நான்கு விடைகள். இவற்றுள் முதலிரண்டு விடைகள் இயந்திரத்துக்கு உரியவை, பின்னிரண்டு மொழிக்கு உரியவை. எஞ்சின் பொதுவாகத் தருவதோ முதலிரண்டை மட்டுமே. விளையாடுகிறவன் தேடுவதோ பின்னிரண்டை.

இது வெறும் எண்ணிக்கைத் தகராறு என்று ஒதுக்குவோர், அதன் விளைவுகளை விளையாட்டுத் திரையில் பார்க்க வேண்டும். விளையாடுகிறவரின் பெயருக்குப் பத்து எழுத்து என்று எல்லை வைப்பது பல விளையாட்டுகளில் வழக்கம். ‘திண்டுக்கல்’ என்று தட்டினால் குறிக்கணக்கில் பதினொன்றாவதாக நிற்கும் புள்ளி அந்த எல்லைக்கு வெளியே விழுந்துவிடுகிறது. ஊர் ‘திண்டுக்கல’ ஆகிறது. பைட்டுக் கணக்கில் வெட்டினாலோ ‘திண’ என்று மூன்று குறிகளும், எந்த மொழிக்கும் உரியதல்லாத ஒரு துண்டும் மிஞ்சுகின்றன. கதாபாத்திரத்தின் பேச்சைத் தட்டச்சு செய்வதுபோல ஒவ்வொன்றாகத் தோற்றுவிக்கும் உத்தியையும் கவனியுங்கள். ‘வேடசந்தூர்’ என்ற பெயர் தோன்றும்போது முதலில் வகரம் வருகிறது. அடுத்த கணத்தில் ஏகாரக் கொம்பு அதற்கு இடப்பக்கத்தில் முளைத்து, வகரத்தை வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு கொம்புக்கும் வரி துள்ளுகிறது, ஒவ்வொரு மெய்யும் முதலில் அகரமேறித் தோன்றிப் பின்பு புள்ளி பெறுகிறது. வாசிக்கக் கற்கும் குழந்தைக்கு இதைவிடத் தவறான பாடத்தை நாம் கற்பிக்க முடியாது.

இப்பகுதி மாணவர் ஒருவர் சிறு பிள்ளைகளுக்காகச் செய்திருந்த சொற்கட்ட விளையாட்டு ஒன்றை அருகிருந்து பார்க்க நேர்ந்தது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் சொல்லைக் கண்டுபிடித்தால் மதிப்பெண். ‘விகடகவி’ என்ற சொல் அதில் ஐந்து கட்டங்களில் அமைவதற்குப் பதிலாக ஏழு கட்டங்களில் சிதறிக் கிடந்தது. இரண்டாம் கட்டத்திலும் ஏழாம் கட்டத்திலும் இகரக் குறி தனியே, தாங்க எழுத்தின்றி, ஒரு புள்ளிவட்டத்தைப் பற்றிக்கொண்டு நின்றது. எஞ்சின் அச்சொல்லைத் திருப்பிப் பார்த்து, இகரக் குறியில் தொடங்கி வகரத்தில் முடியும் ஒரு சரத்தை அடைந்து, இரண்டும் ஒன்றல்ல என்று தீர்ப்பளித்தது. அச்சொல்லைச் சரியாகக் கண்டுபிடித்த சிறுமிக்கு ‘தவறு’ என்று சிவப்பு எழுத்தில் விடை வந்தது. மாலைமாற்று என்று இவ்வகைச் செய்யுளுக்குப் பெயரிட்டு, திருஞானசம்பந்தர் காலத்திலேயே அதில் முழுப் பதிகமே பாடிவிட்ட மொழி இது. இதன் குழந்தை ஒன்று அதே வித்தையில் சரியான விடையைச் சொல்லி, இயந்திரத்தின் அறியாமையால் தோற்றுப்போகிறது. மாணவர் கவனக்குறைவானவர் அல்லர். எஞ்சினின் ஆவணத்தில் எந்தச் செயற்கூறு சொல்லப்பட்டிருந்ததோ அதையே அவர் உபயோகித்திருந்தார். அவரிடம் இல்லாதது திறமையன்று, நூலகம்.

இந்த இடத்தில் வேறொரு கட்சியாரும் குறுக்கிடுவதுண்டு. குற்றம் யூனிகோடின் மேலதே. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தந்திருந்தால் இந்த வம்பே இல்லை. 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்-16 குறியேற்றத்துக்கு மாறிவிடலாம் என்பார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறி என்ற அதன் தத்துவம் தமிழின் இயல்புக்கு இசைவானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் உலகத்து எஞ்சின்களும், கைபேசிகளும், விசைப்பலகைகளும் யூனிகோடின் மேல் நிலைபெற்றுவிட்ட பிறகு, குறியேற்றத்தை மாற்றக் காத்திருப்பது காரியத்தைக் கைவிடுவதற்கு ஒப்பாகும். டேஸ்-16 எதை வேண்டிற்றோ அதை யூனிகோடின் மேலேயே நிறைவேற்றித் தரக்கூடிய சாதனம் நல்லதொரு எழுத்துச்சர நூலகம்தான். ஆகவே அந்தக் கட்சியாரின் வாதமும் இறுதியில் என் பக்கமே வந்து சேருகிறது.

இரண்டாவது காரணம், அவரவர் பத்து வரியில் எழுதிக்கொள்ளலாம் என்பது. கொம்பையும் புள்ளியையும் முந்தைய எழுத்தோடு சேர்த்துக்கொள் என்று பத்து வரியில் எழுத முடியும் என்பது மெய்யே. அப்பத்து வரி ‘திண்டுக்கல்’லுக்குச் சரியான விடையைத் தரும் என்பதும் மெய்யே. பிறகு ‘கொடைக்கானல்’ வருகிறது. அதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் துணைக்காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்று விதித்திருக்கிறது, திரையிலும் இரண்டும் வேற்றுமையின்றித் தோன்றும். ஆனால் ஒன்று 11 குறி, மற்றொன்று 12 குறி. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட கோப்பிலிருந்து வந்த சொல்லும், குழந்தை விசைப்பலகையில் தட்டிய சொல்லும் கண்ணுக்கு ஒன்றாக இருந்தும் எஞ்சினுக்கு இரண்டாக இருக்கும். சரியான விடை மீண்டும் தவறாகும். பத்து வரி எழுதியவர் இதை நினைத்திருக்க மாட்டார்.

அடுத்து, காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் அவர்களின் பெயரைப் பாருங்கள். ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பையும் ளகரத்தையும் தட்டி அப்பெயரை எழுதுவோர் ஏராளம். அச்சிட்டால் வித்தியாசம் தெரியாது, ஆனால் எழுத்துக் கணக்கில் ஒன்று கூடிவிடும். இதை யூனிகோடின் சமன்பாட்டு விதிகளும் திருத்தா. தமிழ் அறிந்தவர் எழுதிய விதியே திருத்தும். க்ஷகரத்தை ஓர் எழுத்தாகக் கொள்வதா இரண்டாகவா, ஸ்ரீ என்பதை அடியிலுள்ள எந்த மெய்யைக்கொண்டு எழுதினாலும் ஒன்றாக மதிப்பதா, விசைப்பலகைகள் சில விட்டுச்செல்லும் கண்ணுக்குப் புலப்படாத குறிகளை என்ன செய்வது என்று கேள்விகள் தொடர்கின்றன. பத்து வரி நூறு வரியாகிறது. அந்த நூறு வரியை ஒவ்வொரு மாணவரும், ஒவ்வொரு விளையாட்டுக்கும், ஒவ்வொரு பிழையையும் தாமே புதிதாகச் செய்து, தாமே புதிதாகக் கண்டுபிடித்து எழுத வேண்டியிருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டைச் செய்யும் இந்த ஊரில், தன் வீட்டுக் கதவுக்குத் தானே பூட்டுச் செய்துகொள்ளலாம் என்று எவரும் சொல்வதில்லை. நெம்புகோல்களின் உயரத்தையும் சாவியின் வெட்டையும் வாழ்நாளெல்லாம் பழகிய கைகளே அதைச் செய்ய வேண்டும் என்பதும், அப்படிச் செய்யப்பட்டது எல்லாக் கதவுக்கும் உதவும் என்பதும் இங்கே யாவர்க்கும் தெரியும். எழுத்தின் விஷயத்தில் மட்டும் அந்த விவேகத்தை நாம் கைவிட வேண்டியதில்லை.

அன்றியும், எண்ணுவதோடு காரியம் முடிவதில்லை. பெயர்களை அகரவரிசைப்படுத்த வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். நம் மாவட்டத்தில் கள்ளிமந்தையம் என்ற ஊரும் உண்டு, கன்னிவாடி என்ற ஊரும் உண்டு. தமிழ் நெடுங்கணக்கின்படி ளகரம் முந்தியது, னகரம் எல்லாவற்றுக்கும் கடையில் நிற்பது. ஆகவே கள்ளிமந்தையம் முன்னும் கன்னிவாடி பின்னும் வரவேண்டும். யூனிகோடு அட்டவணையிலோ னகரம் நகரத்தை ஒட்டி முன்னாலேயே வைக்கப்பட்டிருக்கிறது. குறி வரிசைப்படி அடுக்கும் எஞ்சின் கன்னிவாடியை முதலில் வைக்கும். அதுபோலவே அகராதியில் ‘சக்கரம்’ முந்தி ‘சகடம்’ பிந்தி வரும், எஞ்சினின் பட்டியலில் இது தலைகீழாகும். அகராதி பார்க்கப் பழகும் வயதுப் பிள்ளைகளுக்கு, அகராதிக்கு விரோதமான ஒரு வரிசையைத் தினந்தோறும் காட்டிக்கொண்டிருப்பது கல்வியாகாது.

இதனினும் நுட்பமானது உருபு சேர்ப்பது. ‘நீ இப்போது இன்ன ஊரில் இருக்கிறாய்’ என்று விளையாட்டு சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் பெயரைக் காலியிடத்தில் வைத்தால் போதும். தமிழிலோ பழனி பழனியில் ஆகும், நிலக்கோட்டை நிலக்கோட்டையில் ஆகும், ஆத்தூர் ஆத்தூரில் ஆகும், வத்தலக்குண்டு தன் உகரத்தை இழந்து வத்தலக்குண்டில் ஆகும், நத்தமும் ஒட்டன்சத்திரமும் அத்துச் சாரியை பெற்று நத்தத்தில், ஒட்டன்சத்திரத்தில் ஆகும். இவற்றுக்கெல்லாம் நன்னூலார் விதி வகுத்திருக்கிறார். அவ்விதிகள் நிரலாக எழுதப்படுவதற்கு ஏற்ற தெளிவும் உடையவை. ஆனால் நம் மாவட்டத்தின் இரு பேரூர்கள் விதியை மட்டும் நம்புவோரைத் தடுத்து நிறுத்துகின்றன. திண்டுக்கல், கொடைக்கானல் ஆகிய இரண்டும் லகர மெய்யில் முடிகின்றன. இரண்டிலும் அதற்கு முன் நிற்பது குறிலே. ஆயினும் முன்னது திண்டுக்கல்லில் என்று இரட்டிக்கும், பின்னது கொடைக்கானலில் என்று இரட்டாமல் நிற்கும். ‘கல்’ என்ற தனிச்சொல் முன்னதன் இறுதியில் இருப்பதால் தனிக்குறில் முன் ஒற்றாகி அது இரட்டிக்கிறது. இதை எழுத்துகளை மட்டும் பார்க்கும் எந்த நிரலும் அறியாது. விதிகளோடு கூட விலக்குகளின் பட்டியல் ஒன்றும் வேண்டும். அந்தப் பட்டியலை ஒருவர் தம் வாழ்நாளில் முடிக்க இயலாது. பலர் கூடி, வழிவழியாக, ஒரே இடத்தில் சேர்த்தாலன்றி அது நிறையாது. அவரவர் எழுதிக்கொள்ளலாம் என்ற வாதம் முற்றிலும் உடைந்துபோகும் இடம் இதுவே. பொதுவுடைமையாக வளர வேண்டிய ஒன்றைத் தனியுடைமையாக வளர்க்க முடியாது.

மூன்றாவது காரணத்துக்கு நியாயமான மரியாதையோடு விடை சொல்ல வேண்டும். ஐசியூ என்னும் பெருநூலகம் தமிழ் அகரவரிசையைச் சரியாக அறியும். 2023-இல் வெளிவந்த கொடோ 4.0 அதையும் ஹார்ஃப்பஸ் என்னும் வடிவமைப்புப் பொறியையும் தன்னுள் கொண்டு தமிழைச் செம்மையாக வரைகிறது. ரோப்லாக்ஸ் என்னும் விளையாட்டுத் தளத்தின் லுவாவ் மொழியில் எழுத்துக் கொத்துகளைப் பிரிக்கும் செயற்கூறு ஒன்றும் உண்டு. அது ‘திண்டுக்கல்’லை ஆறாகவே பிரிக்கும். இவையெல்லாம் வரவேற்கத்தக்க முன்னேற்றங்கள். ஆனால் எஞ்சினின் வயிற்றுக்குள் ஐசியூ இருப்பதனால் மட்டும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவரின் கைக்கு அதன் சக்தி முழுவதும் எட்டிவிடுவதில்லை; எளிய விளையாட்டுகளை ஆக்கும் லவ் போன்ற சட்டகங்களில் யுடிஎஃப்-8 குறிகளை எண்ணுவதற்கு மேல் ஏதும் தரப்படவில்லை. கொத்தாகப் பிரிக்கும் செயற்கூறும் கொத்தோடு நின்றுவிடுகிறது. அக்கொத்து மெய்யா, உயிர்மெய்யா, குறிலா, நெடிலா என்று அதற்குத் தெரியாது. ‘லக்ஷ்மி’யில் எத்தனை எழுத்து என்று தீர்மானிக்க அதற்கு அதிகாரமும் இல்லை. உலகத்து மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக எழுதப்பட்ட ஒன்று, ஒரு மொழியின் இலக்கணத்தைப் பற்றி ஓரளவுக்கு மேல் பேசக் கூடாது என்பதே அதன் தர்மம். மிச்சத்தைப் பேச வேண்டியவர்கள் அம்மொழிக்கு உரியவர்கள்.

அப்படிப் பேசியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். எழில் என்னும் தமிழ் நிரலாக்க மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்த தன்னார்வலரும் ஓப்பன்-தமிழ் என்ற நூலகத்தைக் கட்டற்ற உரிமத்தில் வளர்த்து வந்திருக்கிறார்கள். சரத்தைக் கொடுத்தால் எழுத்துகளாகப் பிரித்துத் தருவதும், தமிழ் முறையில் வரிசைப்படுத்துவதும் அதில் உண்டு. இதைக் காட்டி, நூலகம்தான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதனாலேயே என் வாதம் வலுப்பெறுகிறது. பத்து வரியில் முடிகிற காரியமாக இருந்தால் ஆற்றல் மிக்க பலர் பல ஆண்டுகள் அதில் உழைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அதன் பெரும்பகுதி பைத்தானில் இருக்கிறது. விளையாட்டு எஞ்சின்கள் பேசுவதோ லுவாவும் ஜிடிஸ்கிரிப்டும் சி-ஷார்ப்பும். ஓப்பன்-தமிழ் கற்றுக்கொண்ட பாடங்களை, விளையாட்டுத் திரையின் தேவைகளுக்கு ஏற்பச் சுருக்கி, இம்மொழிகளுக்குள் கொண்டுவருவதே நான் வேண்டுவது. அது போட்டியன்று, தொடர்ச்சி.

நான்காவது காரணத்தைச் சொல்வோர் ஒரு மெய்ச் சம்பவத்தைக் காட்டுகிறார்கள். 2016 மார்ச் மாதத்தில், ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர் கூடிப் பயன்படுத்தும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற நூலகத்தை அதன் ஆசிரியர் நீக்கிவிட்டார். சரத்தின் இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்புவதற்கான 11 வரிகளே அதில் இருந்தன. அதை நேராகவோ சுற்றிவளைத்தோ நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் அன்று கட்டமைக்க முடியாமல் நின்றன. சிறு நூலகத்தை நம்பாதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. சம்பவத்தைப் பாதியில் நிறுத்துவதால் வரும் மயக்கம் இது. அதன் பின் நடந்தது என்ன? அடுத்த ஆண்டே, 2017-இன் ஜாவாஸ்கிரிப்ட் தர வரையறையில், அதே வேலையைச் செய்யும் செயற்கூறு மொழியின் நிரந்தர அங்கமாக ஏற்கப்பட்டது. இனி ஒவ்வொருவரும் தாமே எழுதிக்கொள்ளுங்கள் என்று உலகம் முடிவு செய்யவில்லை. இத்தனை பேருக்கு வேண்டிய ஒன்று இவ்வளவு மெல்லிய கிளையில் தொங்கக் கூடாது, உறுதியான இடத்தில் வைக்கப்பட வேண்டும் என்றே முடிவு செய்தது. நூலகத்தின் பிரதியை விளையாட்டோடு சேர்த்தே வைத்துக்கொள்வதாலும், ஒருவர் பெயரில் இல்லாமல் பலர் பொறுப்பில் வைப்பதாலும் அந்த ஆபத்தைத் தவிர்க்கலாம். அன்றியும் ஜாவாஸ்கிரிப்டின் தர வரையறைக் குழு ஆங்கிலேயர்க்கும் நமக்கும் பொதுவான வெற்றிடத்துக்கு இடம் தந்தது. தமிழின் அத்துச் சாரியைக்கு எந்தத் தரக் குழுவும் இடம் தரப்போவதில்லை. அதைக் காப்பாற்றும் கடமை நம்முடையதே.

ஐந்தாவது காரணத்தை நான் மிகுந்த வருத்தத்தோடு மறுக்கிறேன். தமிழில் விளையாடுவோர் சிலரே என்பவர்கள், விளையாடத்தக்கதாகத் தமிழில் எதுவும் அமையாததைக் கவனிக்கவில்லை. பெயரின் புள்ளியை வெட்டி எறிகிற, சரியான விடையைத் தவறென்கிற, வரிக்கு வரி துள்ளுகிற ஒரு விளையாட்டைக் குழந்தை ஒருமுறை திறந்து மூடிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால், அது தமிழை வெறுத்ததாகப் பொருளில்லை. குறையுடைய பொருளை மறுத்ததாகவே பொருள். திண்டுக்கல்லுக்கு அருகிலேயே, 1956-இல் கிராமியக் கல்வி நிலையமாகத் தொடங்கிப் பின்னர் பல்கலைக்கழக அந்தஸ்துப் பெற்ற காந்திகிராம கிராமிய நிறுவனம் இருக்கிறது. தாய்மொழி வழியாகவும் கைத்தொழில் வழியாகவும் கல்வி என்ற காந்தியடிகளின் ஆதாரக் கல்விக் கொள்கையில் ஊன்றி எழுந்த ஸ்தாபனம் அது. இன்றைய குழந்தைக்கு நிரலெழுதுவதும் ஒரு கைத்தொழிலே. நிலக்கோட்டையிலோ சின்னாளபட்டியிலோ உள்ள ஒரு பள்ளிப் பிள்ளை தன் ஊர்ப் பெயரைத் தன் மொழியில் எழுதி, தான் ஆக்கிய விளையாட்டில் அது சரியாக நிற்பதைக் காணும் உரிமையைச் சந்தைக் கணக்கால் அளக்க முடியாது.

ஆகவே மறுத்ததோடு நில்லாமல், எத்தகைய நூலகம் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டியவனாகிறேன். வாசலிலேயே எல்லாச் சரங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சமன்பாடு அதில் முதலாவதாக அமைய வேண்டும். இரண்டாவது, எழுத்துகளாகப் பிரிக்கும் ஒரே ஒரு செயற்கூறு. நீளம் காண்பது, வெட்டுவது, திருப்புவது, ஒவ்வொன்றாகத் திரையில் தோற்றுவிப்பது ஆகிய யாவும் அதன் மேலேயே நிற்க வேண்டும், குறியையோ பைட்டையோ நேரே தொடக் கூடாது. எண்ணும்போது ஒற்றைச் சேர்ப்பதா நீக்குவதா என்பதை அழைப்பவரே சொல்லும்படி இருக்க வேண்டும். மூன்றாவது நெடுங்கணக்கு வரிசை. நான்காவது உருபு சேர்க்கும் விதிகளும், நிரலுக்குள் புதைக்கப்படாமல் தனிக்கோப்பில் எவரும் படித்துத் திருத்தத்தக்கதாக இருக்கும் விலக்குப் பட்டியலும். திரையில் வரைவதிலும் எழுத்துருவிலும் அது தலையிடக் கூடாது. அந்த எல்லையைக் காத்தால்தான் அது எந்த எஞ்சினிலும் குடியேற முடியும்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது சோதனைப் பட்டியல். ஒரு சொல், அதன் எழுத்துக் கணக்கு, அதன் திருப்பம், அதன் வரிசை, அதன் உருபேற்ற வடிவம் என்று வெறும் உரைக்கோப்பாக அது எழுதப்பட வேண்டும். லுவாவில் எழுதியவரும் ஜிடிஸ்கிரிப்டில் எழுதியவரும் ஒரே பட்டியலைக்கொண்டு தம் வேலையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நிரல் பத்து ஆண்டுகளில் பழசாகும், எஞ்சின்கள் வரும் போகும். அப்பட்டியலோ தமிழ் உள்ளளவும் செல்லும். அதைத் தொடங்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்து ஊர்ப் பெயர்களிலேயே உயிரீறும் மெய்யீறும், குற்றியலுகரமும் மகர ஈறும், இரட்டிக்கும் லகரமும் இரட்டாத லகரமும், குஜிலியம்பாறையின் ஜகரமும் அடங்கியிருக்கின்றன.

நூலகம் வேண்டாம் என்போரிடம் நான் வேண்டுவது ஒன்றே. அந்த ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொண்டு, தாம் நம்புகிற எஞ்சினில், அது தானாகவே தருகிற செயற்கூறுகளை மட்டும் உபயோகித்து, எண்ணியும் வெட்டியும் திருப்பியும் வரிசைப்படுத்தியும் உருபு சேர்த்தும் காட்டட்டும். எல்லா விடையும் சரியாக வருமானால் என் வாதத்தை விட்டுக்கொடுக்கச் சித்தமாயிருக்கிறேன். வராதாயின், வராத ஒவ்வொரு விடைக்கும் அவர்கள் எழுதப்போகும் திருத்தத்தைத் தம் விளையாட்டுக்குள் ஒளித்துவைக்காமல் பொதுவில் கொண்டுவந்து வைக்கட்டும். இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியரும் நிரல் கற்பிக்கும் கணினி ஆசிரியரும் ஒரே கல்லூரியின் வெவ்வேறு கட்டடங்களில் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பதை விட்டு, அத்திருத்தங்களின்மேல் ஒரே மேசையில் உட்காரட்டும். எழுத்திலிருந்து தன் இலக்கணத்தைத் தொடங்கிய மொழி நம்முடையது. அந்த எழுத்தை எண்ணத் தெரிந்த கருவியை அதன் பிள்ளைகளுக்குச் செய்துகொடுப்பது, தெரிந்தவர்களாகிய நம்மால் தள்ளிப்போடத் தகாத கடன்.